பூர்வீக வீடு விற்றதில் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது: 2025ஆம் ஆண்டு மென்பொருளில் வந்த மாற்றங்கள்



வாப்பா காலத்து வீட்டை விற்று வாரிசுகள் பங்கு பிரித்துக்கொள்வது நம் மஹல்லாவில் அடிக்கடி நடக்கிறது. கிரயத்தன்று எல்லோருடைய கண்ணும் விலையில்தான் இருக்கும். வாங்குபவர் பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். தொகையைப் பற்றிப் பிறகு யாரும் கேட்பதில்லை. “வரிதான் பிடித்துவிட்டார்களே, இனி நமக்கு என்ன?” என்று விட்டுவிடுகிறார்கள். பிடிக்கப்பட்டது முடிந்துபோன வரி அல்ல, வரிக்கான முன்பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். செய்யாவிட்டால் அரசிடமே இருந்துவிடும். சபராளிப் பிள்ளைகளின் பங்கில் இது சின்னத் தொகை இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2001க்கு முன்பே வாப்பா வாங்கிய வீடு. அவர் மவுத்தாகிப் பல வருடமாகிறது. 2024 டிசம்பரில் 56 லட்சத்துக்கு விற்கிறார்கள். உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 7 லட்சம். மீதி 49 லட்சத்தில் இரண்டு மகன்களுக்கும் தலா 19 லட்சத்து 60 ஆயிரம், மகளுக்கு 9 லட்சத்து 80 ஆயிரம். மூத்தவர் வெளிநாட்டில், மற்ற மூவரும் ஊரில்.

ஊரில் இருப்பவர்களுக்கு 1 சதவீதம்தான் பிடிப்பார்கள். மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டாலே பிடித்தாக வேண்டும். தலைக்கு 50 லட்சம் வரவில்லையே என்ற வாதம் 1.10.2024 முதல் செல்லாது. மூத்தவருக்கு இந்த 50 லட்சக் கணக்கே கிடையாது. அவர் என்.ஆர்.ஐ. என்பதால் 12.5 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 13 சதவீதம் வருகிறது. முன்கூட்டியே சான்றிதழ் வாங்கி வைக்காவிட்டால், லாபத்தின் மீது அல்லாமல் முழுப் பங்கின் மீதே பிடிப்பதுதான் வழக்கம். 19,60,000க்கு 2,54,800 ரூபாய் போய்விட்டது.

உண்மையில் அவர் கட்ட வேண்டியது எவ்வளவு? வாரிசாக வந்த சொத்துக்கு வாப்பா வாங்கிய விலையே நம் விலை. 2001க்கு முந்திய சொத்தாக இருந்தால் 1.4.2001 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. முழு வீட்டுக்கும் 16 லட்சம் என்று வந்தால் மூத்தவர் பங்குக்கு 5,60,000. லாபம் 14 லட்சம். வரி செஸ்ஸுடன் 1,82,000. ஆக 72,800 ரூபாய் அவருக்குத் திரும்ப வர வேண்டும். லாபத் தொகையை உரிய காலத்துக்குள் இந்தியாவிலேயே வேறு வீட்டில் போட்டால் 54வது பிரிவின்படி முழு 2,54,800 ரூபாயையும் கேட்கலாம்.

இனி மென்பொருள் விஷயம். 23.7.2024 முதல் சொத்து லாபத்தின் வரி விதி மாறிவிட்டதால் 2025இன் ஐ.டி.ஆர். படிவத்தில் அந்தத் தேதிக்கு முன் விற்றது, பின் விற்றது என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். படிவமும் மென்பொருளும் தயாராகத் தாமதமானது. அதனால்தான் கடைசித் தேதியை 2025 ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளினார்கள். வீடு விற்றவர்களுக்கான ஐ.டி.ஆர். 2 மென்பொருள் 2025 ஜூலையில்தான் வெளியானது. சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர். 1 இதற்கு ஆகாது. முந்தைய ஆண்டுக்காகக் கணினியில் இறக்கி வைத்த பழைய மென்பொருளும் ஆகாது. துறையின் இணையதளத்தில் அந்தந்த ஆண்டுக்கு உரியதைப் புதிதாக எடுக்க வேண்டும். அதிலும் அவ்வப்போது திருத்தம் வரும், எனவே அனுப்புவதற்கு முன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முக்கியமான இடம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ‘இந்தியாவில் வசிப்பவரா, இல்லையா’ என்ற கேள்வி அது. ஊரில் இருப்பவருக்கு மென்பொருள் இரண்டு வழியில் கணக்குப் போடும். ஒன்று நேரடியாக 12.5 சதவீதம். மற்றது விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம். எது குறைவோ அது போதும். குறியீடு 2001இல் 100, 2024-25 நிதியாண்டில் 363. நம் கணக்கில் இளையவருடைய 5,60,000 ரூபாய் இப்போது 20,32,800 ஆகிவிடுகிறது. விற்ற பங்கைவிட அது அதிகம், எனவே வீட்டு லாபத்துக்கு வரியே இல்லை. அவருக்குப் பிடித்த 19,600 முழுதும் திரும்பும். உம்மாவின் 7,000, மகளின் 9,800 ரூபாயும் அப்படியே. எல்லா வீட்டுக்கும் இப்படி அமையாது. விலை நன்றாக ஏறிய இடமாக இருந்தால் 1 சதவீதம் போக மேலும் கட்ட வேண்டி வரும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தக் குறியீட்டுச் சலுகை கிடையாது. ஒரே வீடு, ஒரே பங்கு, தம்பிக்கு வரி இல்லை, அண்ணனுக்கு 1,82,000! நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஊரில் உட்கார்ந்து தம்பியின் படிவத்தைப் பார்த்தே அண்ணனுடையதையும் நிரப்பி ‘வசிப்பவர்’ என்று குறித்துவிட்டால், மென்பொருள் தடுக்காது. பெரிய தொகை திரும்ப வருவதாகக் காட்டும். ஆனால் வாங்கியவர் என்.ஆர்.ஐ. என்று சொல்லித்தான் வரி கட்டியிருக்கிறார். இரண்டும் பொருந்தாமல் போனால் பணம் வராது, நோட்டீஸ் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் கிடைத்த வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், வருமான வரி இல்லாத நாட்டில் வாழும் இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராகவே கருதும் விதி இருக்கிறது. வளைகுடாவில் இருப்பவர்களின் பங்கு பெரிதாக இருந்தால் ஆடிட்டரிடம் காட்டாமல் தாக்கல் செய்ய வேண்டாம்.

தாக்கல் செய்யும் முன் ஒவ்வொருவரும் தம் பான் எண்ணில் 26ஏ.எஸ். அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மொத்த டி.டி.எஸ்.ஸும் ஒரே ஒருவர் பெயரில் கட்டப்பட்டிருப்பதும், என்.ஆர்.ஐ.க்கும் 1 சதவீதமே பிடித்திருப்பதும் சாதாரணமாக நடக்கிறது. இதை வாங்கியவர்தான் திருத்த முடியும். கிரயம் முடிந்து மாதங்கள் ஆனபின் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆகவே வீடு விற்கப்போகிறவர்கள் யார் யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். என்.ஆர்.ஐ. வாரிசு கிரயத்துக்கு முன்பே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கிவிட்டால், பணத்தை இழந்துவிட்டுத் திரும்பக் காத்திருக்கும் வேலையே குறைந்துவிடும்.

திரும்பும் பணம் வங்கிக் கணக்கில்தான் வரும். அந்தக் கணக்கை இணையதளத்தில் முன்பே சரிபார்த்து வைக்க வேண்டும், என்.ஆர்.ஓ. கணக்கும் ஏற்கப்படும். ஆதார் இணைக்காததால் பான் முடங்கியிருந்தால் பணம் வராது. சபராளிகள் தாம் வெளிநாட்டில் வசிப்பதைத் துறையின் பதிவில் முதலில் திருத்த வேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ரிட்டர்னை உறுதி செய்யவும் வேண்டும். ஆதார் ஓ.டி.பி. வரும் இந்திய சிம் கையில் இல்லாதவர்கள் நெட்பேங்கிங் வழியாகச் செய்யலாம், அல்லது கையெழுத்திட்ட தாளைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பலாம்.

2025இல் கெடு கடைசியாகச் செப்டம்பர் 16 வரை நீண்டது; அதைத் தவறவிட்டவர்கள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை அபராதத்துடன் தாக்கல் செய்ய முடிந்தது. அதன்பின் தாமதத்தை மன்னிக்கும்படி துறைக்கு மனுப் போட்டுத்தான் கேட்க முடியும்.

திரும்பும் தொகையோடு மாதம் அரை சதவீத வட்டியும் சேர்ந்து வருவதுண்டு. அது எவ்வளவு என்று வரித்துறை உத்தரவில் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரித்துறைக்கு அது அடுத்த ஆண்டு வருமானம், அப்போது கணக்கில் காட்டியாக வேண்டும்.