தீக்காய வார்டில் ஒரு பனிப்பந்து ஆட்டம்

தீக்காயப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது லேசான காரியமல்ல. பழைய கட்டைப் பிரித்து, செத்த தோலை அகற்றி, புண்ணைக் கழுவ வேண்டும். படுத்திருக்கும்போது வலியை அடக்கி வைக்கும் மார்ஃபின்கூட அந்த நேரத்தில் பலருக்குப் போதுவதில்லை.

அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் இதற்கென்றே ‘ஸ்னோவேர்ல்டு’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். பொழுதுபோக்கைத் தாண்டி சிகிச்சை, பயிற்சி, கல்வி என்று ஒரு வேலைக்காகச் செய்யப்படும் இத்தகைய ஆட்டங்களை ‘சீரியஸ் கேம்’ என்பார்கள். நோயாளி தலையில் வி.ஆர். எனும் மெய்நிகர் உண்மைக் கருவியை மாட்டிக்கொண்டதும், பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மெல்ல மிதந்து போகிறார். வழியில் தென்படுவதன் மீதெல்லாம் பனிப்பந்து எறியலாம். அடிபட்ட பனிமனிதன் தூளாகச் சிதறுகிறான். பென்குயின் கத்திக்கொண்டே தலைகுப்புறக் கவிழ்கிறது. ரோபோ இரும்புக் குவியலாகச் சரிகிறது. ஆட்டம் என்று பார்த்தால் சுமார் ரகம்தான். வீடியோ கேமில் ஊறிய பையன்கள் பத்து நிமிடத்தில் சலித்துக்கொள்வார்கள்.

ஆனால் அதன் வேலை கவனத்தை இழுப்பது; வலியை உணரவும் நம் கவனம் வேண்டும். மூளையால் ஒரே நேரத்தில் கவனிக்க முடிவது கொஞ்சம்தான். கண்ணும் காதும் கையும் பனியில் மூழ்கிவிட்டால், புண்ணுக்கு மிச்சமாகும் கவனம் குறைகிறது. 2000இல் வெளியான ஆய்வில், தீக்காயமுற்ற பதின்பருவத்தினர் இருவருக்குச் சாதாரண நின்டெண்டோ ஆட்டத்தையும் வி.ஆரையும் கொடுத்துப் பார்த்தார்கள். வி.ஆரில் வலி குறைவாக இருந்ததாக இருவருமே சொன்னார்கள். இருவரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாதுதான். பிறகு ஆரோக்கியமானவர்களின் காலில் அளவாகச் சூடு வைத்தும் சோதித்தார்கள். ஒலியும், தலை திரும்பினால் காட்சியும் திரும்பும் வசதியும் கொண்ட கருவி, அவை இல்லாத எளிய கருவியைவிட அதிகம் உதவியது.

எனக்கு முக்கியமாகப் படுவது 2009இல் வெளிவந்த சோதனை. ஒரு குழுவினர் டிராக்பாலை உருட்டி, தாங்களே அந்த உலகத்தோடு ஆடினார்கள். மற்றவர்கள் அதே உலகத்தைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஆடியவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. அப்படியானால் கவனத்தைப் பிடித்து வைப்பது வெறும் சத்தமோ வெளிச்சமோ அல்ல. நாம் செய்ததற்கு உடனே கிடைக்கும் பதில்.

கல்விக்கான ஆட்டங்களைச் செய்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. தொட்டதற்கெல்லாம் மணியோசை, பின்னணியில் ஓயாத இசை. ஆனால் அது பாடத்துக்குரிய கவனத்தையே பறித்துவிடலாம். மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் அனிமேஷன் ஒன்றில் ஆய்வாளர்கள் மொரேனோவும் மேயரும் பின்னணி இசையைச் சேர்த்துப் பார்த்தார்கள். இசையோடு பார்த்த மாணவர்கள், இசையில்லாமல் பார்த்தவர்களைவிடப் பாடத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள்.