மக்கள் விஞ்ஞானக் கட்டுரையும் பதிப்பாசிரியர் பணியும்

ஆராய்ச்சியாளர் தம் முடிவுகளைத் தம் துறையினர்க்கு எழுதும் முறை வேறு. அவை பொதுமக்களுக்கு எழுதப்படும் முறை வேறு. முன்னதில் சான்று முந்தி நிற்கும். பின்னதில் வினா முந்தி நிற்கும். முன்னதைப் பின்னதாக மாற்றுவதே விஞ்ஞானச் சஞ்சிகை ஆசிரியரின் தொழிலாகும்.

1845இல் நியூயோர்க்கில் தோன்றிய 'சயன்ரிபிக் அமெரிக்கன்' தொடக்கத்தில் புதுப்பொறிகளையும் காப்புரிமைகளையும் அறிவிக்கும் வார இதழாக விளங்கிற்று. ஜெராட் பியல், டெனிஸ் பிளனகன் முதலியோர் 1948இல் அதனைப் புதுப்பித்தனர். ஆய்வு செய்தவரே எழுதுதல், அதனை ஆசிரியர் குழு பொதுவாசகர்க்கு விளங்கத் திருத்துதல் என்னும் முறை அவர்காலத்தில் வேரூன்றிற்று. தமிழில் கோயம்புத்தூர்க் 'கலைக்கதிரும்', தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய 'துளிரும்' இத்துறையில் உழைத்தவை.

இப்பணியின் இயல்பை மாத்தளைத் தோட்டங்களில் படரும் மிளகைக் கொண்டே விளக்கலாம். கறுப்பு மிளகும் வெண்மிளகும் ஒரே கொடியின் காய்களே. முதிர்ந்த பச்சைக் காயை உலர்த்தினால், தோலிலுள்ள நொதியங்களின் வினையால் அது கறுக்கும்; பழுத்ததை நீரில் ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெண்மிளகாகும். நல்ல ஆசிரியர் நொதியத்தின் பெயரிலிருந்து கட்டுரையைத் தொடங்கார், "ஒரு கொடியில் இரு நிறம் எவ்வாறு?" என்று தொடங்குவார்.

எளிமையினும் கடினமானது அளவறிந்து கூறல். மிளகின் காரத்துக்குக் காரணமான பிப்பெரின் என்னும் பொருளை ஏர்ஸ்டெட் 1819இல் பிரித்தெடுத்தார். அதனை மஞ்சளிலுள்ள குர்க்குமினுடன் உட்கொண்டால், குர்க்குமின் உடலிற் சேரும் அளவு 2000 சதவீதம் அதிகரிப்பதாகப் பெங்களூர் ஆய்வொன்று 1998இல் தெரிவித்தது. இவ்வெண்ணை மட்டும் தலைப்பிலிட்டால் வாசகர் மயங்குவர். குர்க்குமினைத் தனியே உண்டபோது இரத்தத்தில் அது ஏறக்குறைய காணப்படவேயில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். ஏறத்தாழ இல்லாத ஒன்று இருபது மடங்கு பெருகினும் சிறிதாகவே இருக்கலாம் அன்றோ? மேலும், உடலிற் சேர்தல் வேறு, நோய் தீர்தல் வேறு. ஆய்வு கூறாத இரண்டாவதைக் கட்டுரை கூறுமாயின், அதனை நம்பி மருந்தைக் கைவிடும் நோயாளியே அதன் விலையைக் கொடுப்பார். ஆகவே ஆசிரியர் ஒவ்வோர் எண்ணையும் நோக்கி, "எதனோடு ஒப்பிட்டு? எத்தனை பேரிடம்?" என வினவுதல் வேண்டும்.

அடுத்தது கலைச்சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் ஆக்குவித்தார். சொல் தேடி அவர் பட்ட பாடு இன்றைய ஆசிரியர்க்கும் உரியது. வழக்கிலுள்ள சொல்லை முதலில் நாடுதலும், புதுச்சொல்லை முதலிடத்திலேயே விளக்குதலும், ஒரு பொருளுக்கு இறுதிவரை ஒரே சொல்லை ஆளுதலும் நன்னெறியாம்.

திருத்திய கட்டுரை மீண்டும் எழுதியவர் பார்வைக்குச் செல்லுதல் வேண்டும். தெளிவுக்காக ஆசிரியர் நீக்கிய ஒரு சொல்லில் உண்மை தங்கியிருக்கக்கூடும். "கூடும்" என்பது "ஆகும்" என மாறினால் நடை மிடுக்குப் பெறலாம், விஞ்ஞானமோ பொய்யாகிவிடும். ஆதலின் இனிமைக்கும் உண்மைக்கும் முரண் நேருமிடத்து, உண்மையின் பக்கம் நிற்பதே பதிப்பாசிரியரின் கடமையாகும்.