பிளாப்பியைத் தூக்கிப் போடாதீர்கள்

தொண்ணூறுகளில் உசிலம்பட்டி மாதிரி ஊர்களின் கடைவீதிகளுக்கு டி.டி.பி. சென்டர்கள் வந்தன. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, உள்ளூர்க் கவிஞரின் முதல் தொகுப்பு என எல்லாம் பேஜ்மேக்கர் மென்பொருளில் அடிக்கப்பட்டு, மூன்றரை அங்குல பிளாப்பியில் ஏறி மதுரைக்கோ சிவகாசிக்கோ அச்சுக்குப் போயின. அச்சடித்த தாளில் பெரும்பகுதி கரையானுக்குப் போய்விட்டது. பிளாப்பிகள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. ஒரு வட்டார வரலாற்றையே எழுத உதவும் ஆவணங்கள் அவை.

மூன்றரை அங்குல பிளாப்பி, சோனி 1981-இல் கொண்டுவந்த வடிவம். பிற்பாடு வந்த 1.44 எம்.பி. வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். 2011-இல் சோனி விற்பனையை நிறுத்தியது. வட்டு தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கப்படுபவற்றில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன, பழுது அவற்றைப் படிக்கும் டிரைவில்.

முதலில் வட்டின் தகரக் கதவை ஒதுக்கி, நடுச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே செருகினால் அழுக்கு ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். டிரைவைத் திறந்தால் வட்டின் இரு பக்கத்தையும் படிக்கும் இரண்டு ஹெட்டுகள் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்க வேண்டும். மேல் ஹெட் மெல்லிய தகட்டில் தொங்குகிறது. அதை மேலே இழுத்தால் தகடு வளைந்து டிரைவ் போய்விடும். ஹெட்டை நகர்த்தும் திருகுத் தண்டில் கிரீஸ் கெட்டிப்பட்டிருந்தால் வழித்தெடுத்துப் புதிதாகக் கொஞ்சம் தடவுங்கள்.

கடினமானது அலைன்மென்ட். ஹெட் தன் தடத்திலிருந்து விலகிய டிரைவ், தான் எழுதியதைத் தானே படிக்கும். வேறு டிரைவில் அது ஏறாது. அப்படி எழுதப்பட்ட வட்டை மீட்க, இன்னொரு டிரைவை வேண்டுமென்றே அதே அளவு விலக்கிப் படிக்க வேண்டியிருக்கும். டேப் ரெக்கார்டரில் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் திருகைத் திருப்பிப் பழகிய மெக்கானிக்குகளுக்கு இந்தக் கைப்பக்குவம் உண்டு. மதுரைப் பக்கம் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைக் கூப்பிட வேண்டும். சாதாரணக் கணினி கைவிட்ட வட்டின் காந்த அலைகளை அப்படியே பதிவுசெய்ய கிரீஸ்வீசில் என்ற சிறு சர்க்யூட் பலகையும் இப்போது உண்டு.

கோப்பு திறந்தாலும் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது. அன்று ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு கூடியதே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்துத் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டமும் தன் நூல்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியது. பழைய கோப்பைப் படிக்க அதற்குரிய எழுத்துரு வேண்டும். ஆகவே எழுத்துரு இருந்த பிளாப்பியையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும்.

டி.டி.பி. சென்டர் நடத்தியவர்கள், சிற்றிதழ் நடத்தியவர்கள் வீட்டில் தேடிப் பாருங்கள். செருகும் முன் வட்டின் மூலையிலுள்ள சிறு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அப்போது எதுவும் அழியாது. ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.