ரேடியம் இல்லாத ரேடியம்!

சேலம், நாமக்கல் பக்கம் இருட்டில் மினுங்குகிற எதற்கும் ஒரே பெயர்தான்: ரேடியம். நம்பர் பிளேட்டில் ரேடியம், ஹெல்மெட்டில் ரேடியம், மட்கார்டில் 'அன்னை தந்தை ஆசி' என்று ரேடியம். மேரி க்யூரி அம்மையார் இந்தப் பக்கம் வந்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். அவரும் கணவர் பியரியும் 1898-ல் கண்டுபிடித்த அசல் ரேடியம் பொல்லாத சரக்கு. ஒரு காலத்தில் கைக்கடிகார முள்ளில் அதைக் கலந்து பூசினார்கள். இருட்டில் தானாகவே ஒளிர்ந்தது. பூசிய தொழிற்சாலைப் பெண்கள் பலர் நோயில் விழுந்தார்கள்.

நம் ஸ்டிக்கர் கடை ரேடியம் பரம சாது. அதில் ரேடியமும் கிடையாது, சொந்த வெளிச்சமும் கிடையாது. மேலே வெளிச்சம் அடித்தால், அடித்தவனுக்கே திருப்பி அனுப்பும். ராத்திரி சைக்கிளில் வீடு திரும்புகிற ஆசாமிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. தானாக ஒளிரும் என்று நம்பிக்கொண்டிருந்தால் ஆபத்து.

முகம் பார்க்கும் கண்ணாடி மேல் டார்ச் அடித்தால் வெளிச்சம் வேறு பக்கம் ஓடிவிடும். வெள்ளைச் சுவர் மேல் அடித்தால் நாலா பக்கமும் சிதறும். ரிஃப்ளெக்டர் மட்டும் நாணயஸ்தன். எந்தப் பக்கத்திலிருந்து வாங்கியதோ அந்தப் பக்கமே திருப்பிக் கொடுக்கும். சைக்கிள் பின்னால் இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் வில்லையை உற்றுப் பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டி மூலைகளாக இருக்கும். அறையின் மூலையில், இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில், ரப்பர் பந்தை எறிந்தால் மூன்றிலும் பட்டு உங்களிடமே திரும்பி வருமே, அதே தத்துவம். பல ஸ்டிக்கர்களில் மூலைக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகள் இருக்கும்.

மாட்டுக் கண்ணிலும் இதே மாதிரி ஒரு வித்தை உண்டு. ஏற்காடு மலையில் காப்பித் தோட்டத்து ஓரம் காட்டெருமை நின்றால் முதலில் தெரிவது அதன் கண்தான். விழித்திரைக்குப் பின்னால் ஒரு மினுமினுப்பான படலம். மனிதனுக்கும் பன்றிக்கும் அது இல்லை. ஆக, காட்டெருமை ரிஃப்ளெக்டரோடு பிறக்கிறது. நாம்தான் காசு கொடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் குடியிருப்பது மஞ்சக்குட்டை. ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சி. மலை ரோட்டில் சைக்கிளா என்று சிரிக்காதீர்கள். 2005 முதல் அரசு, உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கெல்லாம் இலவச சைக்கிள் என்று ஆனதிலிருந்து மலையிலும் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பெயர்தான் மகளுக்கு. ஓட்டுவது அப்பா, அண்ணன், சில சமயம் தாய்மாமன். இறக்கத்தில் சைக்கிள் நம்மைச் சுமக்கும், ஏற்றத்தில் நாம் சைக்கிளைத் தள்ளுவோம். ஆபீஸ் விட்டுத் திரும்பும்போது சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஆறரை மணிக்கே கும்மிருட்டு.

டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசி 'விர்ர்' என்று பாடும் குப்பி. சக்கரம் வேகமாகச் சுற்றினால் பிரகாசம், மெதுவாகச் சுற்றினால் மின்மினி, நின்றால் பூஜ்யம். மலைக்கு ரொம்பப் பொருத்தமில்லாத ஜந்து! இறங்கும்போது ஜோராக எரியும். ஏறும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ரோட்டில் அதிக நேரம் இருக்கும் அந்த நேரத்தில், அணைந்துவிடும். ரிஃப்ளெக்டர் நின்றாலும் வேலை செய்யும், தள்ளினாலும் வேலை செய்யும். மலைக்காரனுக்கு அதனால்தான் அது கூடுதல் முக்கியம்.

போன மாதம் ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். எங்கள் ஊர் ஜீப் டிரைவர் அண்ணன் ஒருவர், முப்பது வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறவர். அவர் பக்கத்தில் முன் சீட்டில் நான். நேரான ரோட்டில் ஆபீஸ் நண்பன் கறுப்பு பேன்ட், பழுப்பு ஸ்வெட்டரில் சைக்கிள் ஓட்ட வேண்டும். நாங்கள் பின்னாலேயே மெதுவாகப் போகவேண்டும்.

முதல் தடவை, ஒன்றும் ஒட்டாமல்.

"எங்கண்ணே ஆளு?"

"அதத்தான் தம்பி நானும் தேடறேன்... தா, தா! இருக்கான்!"

பிரேக். ஹெட்லைட் அவன் முதுகில் விழுந்து, அது மனுஷன் என்று புரிவதற்குள் ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். டிரைவர் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்கு மாற்ற ஒன்றரை விநாடி என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே 16 மீட்டர் போய்விட்டது. ஈர ரோடு, இறக்கம் வேறு என்றால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை பின்னால் சிவப்பு வில்லை. தூரத்திலேயே ஒரு சிவப்புப் புள்ளி. "என்னமோ இருக்கு, கல்லா கம்பமா தெரியல" என்றார் அண்ணன்.

மூன்றாம் தடவை நண்பனின் இரண்டு கணுக்காலிலும் வெள்ளி நிறப் பட்டை. அண்ணன் சிரித்துவிட்டார். "சைக்கிளு தம்பி! கால் மேலயும் கீழயும் போகுது பாரு!"

அண்ணன் சொன்னதை ஆராய்ச்சிக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஸ்வீடன் மனோதத்துவ நிபுணர் குன்னார் யோஹான்சன் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், ஆளே தெரியாத இருட்டில் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் அசைந்தாலே பார்ப்பவர்கள் 'மனிதன் நடக்கிறான்' என்று சட்டென்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2012-ல் வெளியான ஆய்வு சைக்கிளுக்கே நேரடியானது. ராத்திரியில், கறுப்பு உடை போட்ட சைக்கிள்காரரை டிரைவர்கள் அடையாளம் கண்டது நூற்றுக்கு 2 தடவை. பகலில் கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் ஜாக்கெட்டுக்கு 15. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுக்கு 50. அதோடு கணுக்கால், முழங்காலிலும் பட்டை கட்டியபோது 90!

ஃப்ளோரசன்ட் கோஷ்டி கவனிக்கவும். அந்த எலுமிச்சை நிறத்தைப் பகலில் பளபளக்க வைப்பது சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர். ஹெட்லைட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

அந்தக் காலத்து குமாஸ்தாக்கள் பேன்ட் செயினில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் ஒரு இரும்பு கிளிப் மாட்டுவார்களே, அந்த இடம்தான். இப்போது கிளிப்புக்குப் பதில் ரேடியம் பட்டை. பேன்ட்டும் பிழைக்கும்.

பட்டை வாங்க சேலத்தில் ஸ்டிக்கர் கடைக்குப் போனேன்.

"என்ன பேரு வெட்டணும் சார்? தல, தளபதி ரெண்டும் ரெடியா இருக்கு."

"பேரு வேண்டாங்க. வெறும் பட்டை."

"பேரில்லாமலா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கென்று சொன்னதும் அக்கறையாகவே வெட்டிக் கொடுத்தார். கடைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரம் பிடித்து, பத்தடி தள்ளி ஸ்டிக்கர் மேல் அடியுங்கள். குப்பென்று பற்றிக்கொண்டது மாதிரி தெரிந்தால் அசல். இல்லையென்றால் வெறும் ஜிகினாத்தாள். டார்ச்சை இடுப்புக்கு இறக்கிவிட்டால் அசலும் மங்கிவிடும். வெளிச்சம் டார்ச்சுக்குத்தான் திரும்புகிறது, உங்கள் கண்ணுக்கு அல்ல. லாரி டிரைவர் ஹெட்லைட்டைவிட ரொம்ப உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு இதே காரணத்தால் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். ஆகவே பட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. மாற்றி ஒட்டினால் நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்றே குழம்பிவிடுவார்கள்.

இவ்வளவு புகழ்ந்த ரிஃப்ளெக்டர் எங்கள் ஊரில் தோற்கிற இடம் இரண்டு. ஒன்று, பனிமூட்டம். ஹெட்லைட் மூட்டத்தில் நுழைந்து வில்லைக்குப் போகவேண்டும், திரும்பவும் அதே மூட்டத்தைக் கடந்து டிரைவருக்கு வரவேண்டும். போகும்போது பாதி வெளிச்சம் தொலைந்தால், வரும்போது மிச்சத்தில் பாதி தொலையும். கிடைப்பது கால்வாசி. சொந்தமாக எரிகிற விளக்கு ஒரு தடவை கடந்தால் போதும். இரண்டாவது, கொண்டை ஊசி வளைவு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் ரோட்டில் இருபது இருக்கிறது. வளைவில் திரும்பும் வண்டியின் ஹெட்லைட் நேரே பள்ளத்துக்குப் போகும். வளைவின் மறுபக்கம் நிற்கிற உங்கள் மேல் படவே படாது. வெளிச்சம் வாங்காத வில்லை எதைத் திருப்பிக் கொடுக்கும்? அதனால் பேட்டரியில் எரிகிற சின்ன சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு ஒன்று பின்னால், வெள்ளை ஒன்று முன்னால் கட்டாயம் வேண்டும். பேட்டரி தீர்ந்துபோகும் ராத்திரிக்கு வில்லை.

மழையிலும் ஒரு சங்கதி உண்டு. மணிகள் வெளியே தெரிகிற மலிவு ரகம் நனைந்தால் குருடு. மேலே வழவழவென்று மூடிய ரகம் தாங்கும். பிளாஸ்டிக் வில்லையில் விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் புகுந்தாலும் போச்சு, மாற்றிவிடுங்கள். சேறு படிந்தால் எந்த ரகமானாலும் ஒன்றுதான். இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் ரோட்டில் பதிக்கும் 'பூனைக்கண்' ரிஃப்ளெக்டருக்கு 1934-ல் காப்புரிமை வாங்கினார். மேரி க்யூரி இறந்ததும் அதே வருஷம்தான். ஷாவின் பூனைக்கண் மேல் வண்டி ஏறினால் ரப்பர் அமுங்கி, கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்ளும். சைக்கிளில் அந்த வசதி கிடையாது. கிழிந்த பனியன் துணி ஒன்று சீட்டுக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறேன்.