ஊவாவின் பாதைகளும் அரசின் மேற்பார்வையும்

பாதை அமைத்தல் ஒரு முறை செய்யும் வினை. அமைத்த பாதையைப் பேணுதல் நாள்தோறும் செய்யும் வினை. முன்னதற்கு ஊரறிய விழா உண்டு. பின்னதற்கு விழா இல்லை. ஆதலின் அரசாங்கங்கள் முன்னதை விரும்பிச் செய்து, பின்னதில் சோர்வது எங்கும் காணப்படும் இயல்பாகும். இச்சோர்வு நேராவண்ணம் காப்பதே போக்குவரத்தின் மீது அரசு செலுத்தும் மேற்பார்வையின் நோக்கமாகும். எப்பாதை வேண்டுமெனத் தீர்மானித்தல், அமைந்த பாதையையும் அதில் ஓடும் ஊர்தியையும் செவ்வையாக வைத்தல், செலவழித்த பணத்திற்கும் நேர்ந்த கேட்டிற்கும் கணக்குக் கேட்டல் என அம்மேற்பார்வை மூவகைப்படும். இம்மூன்றும் எவ்வாறு இயங்குகின்றன, எவ்விடத்துத் தடைப்படுகின்றன என்பதை ஆராய்வதற்கு இலங்கையின் ஊவா மாகாணம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகர். மத்திய மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் அமைந்தமையால் கொழும்புத் துறைமுகத்திற்கும் ஊவாவிற்கும் இடையே நாட்டின் மிக உயர்ந்த மலைகள் குறுக்கிடுகின்றன. கோப்பிப் பயிர் செழித்த காலத்தில் அதன் விளைவு பொதிமாடுகளின் முதுகிலும், பின்னர் மாட்டுவண்டிகளிலும் மலை கடந்து சென்றது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதற் காணப்பட்ட இடமும் ஊவாவின் மடுல்சீமையே, ஆண்டு 1869. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தபோது போக்குவரத்தின் தேவை முன்னினும் மிகுந்தது. கொய்த கொழுந்து அன்றே ஆலையை அடைதல் வேண்டும். பதப்படுத்திய தேயிலை பெட்டிகளில் துறைமுகத்தை அடைதல் வேண்டும். தோட்டத்து மக்களுக்கு வேண்டிய அரிசி துறைமுகத்திலிருந்து மலையேறுதல் வேண்டும்.

இலங்கையின் இருப்புப்பாதை வேலை 1858இல் தொடங்கியது. முதலில் அப்பணி தனிப்பட்ட கம்பெனியொன்றின் பொறுப்பில் இருந்தது. செலவு மதிப்பீடு பெருகவே, அரசாங்கம் அதனைத் தானே ஏற்று நடத்தலாயிற்று. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும் புகையிரதம் அடைந்தது. ஆர்தர் கோர்டன் தேசாதிபதியாயிருந்த காலத்தில் ஊவாவுக்கு அதனை நீட்டும் முயற்சி வலுப்பெற்றது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட பட்டிப்பொலையைக் கடந்து, 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் பாதை எட்டியது. பதுளைக்கு முதல் வண்டி வந்தது 1924இலேயாம். எஞ்சிய ஏறக்குறைய 20 மைலுக்கு முப்பது ஆண்டுகள் சென்றன என்பது சிந்திக்கத்தக்கது.

அத்தாமதத்திற்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும், பதுளை ஏறத்தாழ 2,100 அடி உயரத்திலும் உள்ளன. பல்சக்கரம் இன்றி ஓடும் அகலப்பாதை வண்டி 44 அடி தூரத்திற்கு ஓரடிக்கு மேல் இறங்கலாகாது என்பது இம்மலைப்பாதையின் விதி. ஆகவே, உயரத்தைக் குறைக்கத் தூரத்தைக் கூட்டுதல் வேண்டியதாயிற்று. தெமோதரையில் நிலையத்தை விட்டுப் புறப்படும் பாதை குன்றைச் சுற்றி வளைந்திறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகச் செல்லும் விந்தை இக்கணக்கின் விளைவேயாகும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பிய ஒன்பது வளைவுப் பாலமும் இப்பகுதியிலேயே உள்ளது. நீலகிரியில் இதே இடர்ப்பாட்டைக் குறுகிய பாதையும் பல்சக்கரமும் கொண்டு தீர்த்தனர். இலங்கையிலோ கொழும்பில் ஏற்றிய பொருள் இடையில் மாற்றி ஏற்றப்படாமலே பதுளையில் இறங்குதல் வேண்டுமென்று கருதி, அகலப்பாதையே தெரிந்தெடுக்கப்பட்டது. அத்தெரிவின் நன்மையை அயலிலிருந்த மற்றொரு பாதை விளக்கும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு அமைத்த குறும்பாதை, பொருளை மாற்றி ஏற்றும் இடையூற்றாலும் மோட்டார் வாகனங்களின் போட்டியாலும் நலிந்து, 1948இல் முற்றாக மூடப்பட்டது.

இனி, தீர்மானம் எவ்வாறு பிறந்தது என்பதை நோக்குதல் வேண்டும். தோட்டத்துரைமார் சங்கம் 1854இலேயே அமைந்துவிட்டது. சட்டநிரூபண சபையிலும் துரைமாருக்கு இடமிருந்தது. அவர்கள் கேட்டனர், அரசாங்கம் செவிசாய்த்தது. கிளைப் பாதைகளுக்கு ஆகும் செலவை அரசாங்கமும் தோட்ட உடைமையாளரும் பங்கிட்டுக்கொள்ளச் சட்டமும் இடந்தந்தது. ஆனால், அப்பாதைகளில் நடந்த தொழிலாளருக்கு எச்சபையிலும் குரல் இருந்ததில்லை. ஆதலின் பாதைகள் ஆலைக்கும் நிலையத்துக்கும் சென்றனவேயன்றி, லயங்களின் வாயிலை நாடிச் சென்றனவல்ல. எவருடைய குரல் சபையில் ஒலிக்கின்றதோ அவருடைய வழியே செப்பனிடப்படும் என்பது ஊவாவின் வரலாறு கற்பிக்கும் முதற்பாடமாகும்.

புகையிரதத்தை அடுத்துப் பேருந்துகள் வந்தன. தொடக்கத்தில் தனியார் ஒரே வழியில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஓட்டினர். 1942ஆம் ஆண்டின் சட்டம் ஒரு வழியை ஒரு நிறுவனத்திற்கே உரியதாக்கியது. போட்டியால் விளைந்த கேடு நீங்கினும், தனியுரிமையால் விளைந்த கேடு தோன்றியது. 1948இல் இரத்தினம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்தின பெரேரா ஆகியோர் இச்சேவையை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். 1957ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டப்படி, 1958 சனவரி முதலாந் தேதி பேருந்துகள் யாவும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் உடைமையாயின. இருபது ஆண்டுகளின் பின், 1978இல் அச்சபை பிரதேசச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது; 1979இல் தனியார் பேருந்துகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கான சட்டமும், 2005இல் போக்குவரத்துச் சபையை மீண்டும் ஒன்றாக்கும் சட்டமும் வந்தன. உடைமை மாறுந்தோறும் மேற்பார்வையாளரும் மாறினர். ஆனால், வருவாய் குன்றிய மலைவழியில் அந்தியில் ஒரு வண்டியை ஓட்டுவது யார் கடமை என்னும் வினா ஒவ்வொரு மாற்றத்தின் பின்பும் எஞ்சி நின்றது.

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை ஏற்படுத்தியது. அதன்பின் அதிகாரம் பல படிகளாயிற்று. மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பேருந்துகளைத் தேசிய ஆணைக்குழுவும், மாகாணத்துள் ஓடுவனவற்றை மாகாண நிருவாகமும் ஒழுங்கு செய்கின்றன. வீதிகளுள் 'ஏ', 'பி' வகையின வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், 'சி', 'டி' வகையின மாகாணத்திற்கும், ஏனைய சிறு வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியன. இதன் பயனை ஒரு நோயாளியின் பயணத்தால் விளக்கலாம். நமுனுகுலைச் சரிவிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திலிருந்து பதுளை மருத்துவமனைக்கு ஒருவரைக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். முதலில் தோட்டப்பாதை; அது நிலத்தை நிருவகிக்கும் கம்பெனியைச் சார்ந்தது. அடுத்துப் பிரதேச சபையின் சிறுவீதி. அதனையடுத்து மாகாண வீதி. இறுதியில் தேசிய பெருவீதி. நோயாளி ஒருவர், வழியும் ஒன்று, பொறுப்பாளரோ நால்வர். இந்நால்வருள் முதல்வர் பொறுப்பிலுள்ள பகுதியே தூரத்தில் குறுகியதாயினும் துன்பத்தில் நீண்டதாகும்.

தோட்டப்பாதை இந்நிலையில் நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத்தாலும் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலார் வாக்குரிமை இழந்தனர். 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். 1952இல் ஒருவரும் செல்லக்கூடவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தேயிலையை இறக்குவதற்கென அமைத்த அதே இருப்புப்பாதையில் தலைமன்னாரை நோக்கிக் குடும்பங்கள் சென்றன. பிரிவாற்றாது அழுத குரல்களால் அவ்வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சியோருள் நாடற்றவராயிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே இறுதியாகப் பிரசாவுரிமை நல்கியது. வாக்கில்லாத ஊரில் வீதிக்கு வாதாடுவார் இல்லை. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகப் பொறுப்பு கம்பெனிகளுக்கு மாறிய போதும், தோட்ட எல்லையினுள் இருந்த பாதை பொதுவீதி ஆகவில்லை.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் இத்தடையை நீக்கவில்லை. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அவர்தம் பிரதிநிதிகள் உறுப்பினராயும் அமர்ந்தனர். எனினும், தோட்டத்தினுள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குச் சட்டம் இடையூறாக நின்றது. 2018இல் செய்த திருத்தமே அதனை அகற்றியது. இஃது பெரியதொரு திருப்பமாகும். ஆயினும், அனுமதி வேறு, கடமை வேறு என்பதை மறத்தலாகாது. செலவிடலாம் எனச் சட்டம் சொல்வதனால் மட்டும் கல்லும் தாரும் வந்துவிடா. எப்பாதை எம்மன்றத்திற்கு உரியது என்னும் பதிவும், அதற்கு ஆண்டுதோறும் நிதியும் அமைந்தாலன்றி அத்திருத்தம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

மேற்பார்வை தளர்ந்தால் விளைவது பணநட்டம் மட்டுமன்று. 2021 மார்ச் மாதத்தில் பசறைப் பகுதியில் 13ஆம் மைற்கல்லருகே, மலையினின்றும் சரிந்த பாறை வீதியின் ஒரு பாகத்தை அடைத்துக் கிடந்த இடத்தில், பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினால்வருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். 2025 செப்டெம்பர் 4ஆந் தேதி எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பேருந்து வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் பெரும் மண்சரிவுகளை விளைத்து, வீதிகளையும் மலையக இருப்புப்பாதையையும் துண்டித்தது. புயலை அரசு தடுத்தல் இயலாது. ஆனால், சரிவின் ஓரத்தில் நீரோடும் காலைத் துப்புரவாக வைத்தலும், வீழ்ந்த பாறையை அகற்றலும், பேருந்தின் தடையைச் சோதித்தலும் இயலும். இவை சிறுபணிகள், ஆயினும் உயிர்காக்கும் பணிகள்.

கணக்குக் கேட்கும் அமைப்புகள் நாட்டில் இல்லாமலில்லை. கணக்காய்வுத் திணைக்களத்தின் தொடக்கம் 1799ஆம் ஆண்டுக்குரியது. அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு 1921 முதலும், பொது முயற்சிகள் பற்றிய குழு 1979 முதலும் இயங்குகின்றன. புகையிரதம் அரசுத் திணைக்களம் ஆதலின் முன்னதன் முன்னும், போக்குவரத்துச் சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் அமைந்த சபைகள் ஆதலின் பின்னதன் முன்னும் விடையளித்தல் வேண்டும். மாகாணப் பணத்தை மாகாண சபை ஆராய்தல் முறை. ஆனால், ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறாமையால், அம்முறை தடைப்பட்டது. அன்றியும், இக்குழுக்கள் செலவான பணத்தை ஆராய்வனவேயன்றி, செலவாகாத பணத்தையும் போடப்படாத பாதையையும் பெரிதும் ஆராய்வனவல்ல. தோட்டப்பாதையின் குறை எக்கணக்கேட்டிலும் எழுதப்படாத குறையாகும். எழுதப்படாததைக் கணக்காய்வாளர் காணார்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வழி ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்த பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். பேணுவதற்குரிய நிதி அமைப்பதற்குரிய நிதியோடு சேர்த்தே ஒதுக்கப்படல் வேண்டும். அவ்வழியைப் பயன்படுத்துவோர் வினவுவதற்கும் விடை பெறுவதற்கும் இடமிருத்தல் வேண்டும். ஒரு நூற்றாண்டின் முன் 20 மைல் மலையை வென்று பதுளைக்கு வண்டி கொணர்ந்த ஆற்றலுக்கு, லயத்திலிருந்து பெருவீதிவரை உள்ள இரண்டொரு மைல் அரியதன்று. அச்சிறு தூரத்தைத் தன் பொறுப்பென ஓர் அரசு ஏற்கும் நாளிலேயே, ஊவாவின் பாதைகள் தேயிலைக்கு மட்டுமன்றித் தேயிலை பறிப்போருக்கும் உரியனவாகும்.