வீட்டுக்காரருக்கு வாடகையா? கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் யோசிப்போம்



நம் குழு ஒன்றில் ஒரு அக்கா இரண்டு மாதமாகச் சந்தா கட்டவில்லை. தவறாமல் கட்டுகிறவர். கூட்டம் முடிந்ததும் ஊக்குநர் தனியாகக் கூப்பிட்டு, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அக்கா சொன்ன பதில் யாருமே எதிர்பார்க்காதது. "வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கணும்மா."

வீட்டுக்காரர் என்றால் நம் பேச்சில் புருஷனையும் சொல்கிறோம், வாடகை வாங்குகிறவரையும் சொல்கிறோம். இங்கே இரண்டும் ஒரே ஆள்தான். மூன்று வருடத்துக்கு முன்பு அவர் பிரிந்து போய், டவுனில் தனியாக இருக்கிறார். அக்கா இரண்டு பிள்ளைகளோடு பழைய வீட்டிலேயே இருக்கிறார். வீடு அவர் பெயரில். "இருக்கணும்னா மாசம் ஆயிரம் ரூபாய் வாடகை கொடு. இல்லைன்னா காலி பண்ணு" என்று சொல்லி, பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிய முத்திரைத்தாளையும் கொண்டுவந்துவிட்டார். முன்பணம் பத்தாயிரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தப் பத்தாயிரத்தை உள்கடனாகக் கொடுத்தது நம் குழுதான். தீர்மானப் புத்தகத்தில் "வீட்டு அட்வான்ஸ்" என்று எழுதியிருக்கிறது. "கொடுத்துட்டுப் போக்கா, பிரச்சினை வேண்டாம்" என்று சொன்னவர்களும் நாம்தான். விவரம் தெரியாமல் சொன்ன வார்த்தை அது. பிறகு வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போய் விசாரித்தோம். அங்கே தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மனைவி வாடகைக்காரி இல்லை

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று இதன் 17-வது பிரிவு சொல்கிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே கேள்வி இல்லை. சட்டப்படியான நடவடிக்கை எடுக்காமல் அவளை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, சாமானைத் தெருவில் எறிவது, கரண்டைத் துண்டிப்பது எதுவும் செல்லாது.

"வீடு மாமியார் பெயரில் இருக்கே?" என்று கேட்பீர்கள். மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும், அங்கே நீங்கள் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரச்சினை தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர்களும் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2022 மே மாதத் தீர்ப்பு சொல்கிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது குடியிருக்கும் உரிமை. வீடு நமக்குச் சொந்தமாகிவிடாது. நாம் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது.

அந்தத் தாளில் என்ன ஆபத்து?

"ஆயிரம் ரூபாய்தானே, நிம்மதியா இருக்கலாமே" என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? "உரிமையாளர்", "வாடகைதாரர்", "பதினொரு மாதம் முடிந்ததும் காலி செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்." மனைவி என்ற வார்த்தையே அதில் கிடையாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால், "இவர் என் வாடகைதாரர், இதோ அவர் கையெழுத்து" என்று அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். நாம் போட்ட கையெழுத்தே நமக்கு எதிர்சாட்சி ஆகிவிடும்.

அதனால் வாடகை ஒப்பந்தமோ, "எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்ற விடுதலைப் பத்திரமோ, வெற்றுத்தாளோ, எதுவானாலும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். அதோடு எல்லாம் முடிந்துபோகவில்லை. ஒப்பந்தத்தின் நகலையும் பணம் கொடுத்த ரசீதுகளையும் பத்திரப்படுத்தி, உடனே சட்ட உதவி கேளுங்கள்.

வாடகை கொடுக்க வேண்டியவர் யார்?

சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கவே முடியாத நிலை வந்தால், அதே வசதியுள்ள வேறு வீடு ஏற்பாடு செய்து தரவோ, அதற்கான வாடகையைக் கொடுக்கவோ கணவருக்கு உத்தரவிடலாம் என்று இந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. நம் அக்கா கதையில் எல்லாமே தலைகீழாக நடந்திருக்கிறது, பார்த்தீர்களா? கொடுக்க வேண்டியவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

குடும்பம் இருப்பதே வாடகை வீடு என்றால்? வாடகை கட்டாமல் கணவர் போய்விடுவதையும் பொருளாதார வன்முறை என்றே சட்டம் சொல்கிறது. வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், கைவிடப்பட்ட மனைவி கணவரின் இடத்தில் நின்று அந்த வழக்கை நடத்தலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வாடகையைத் தொடர்ந்து கட்டிவர வேண்டும்.

விவாகரத்து ஆகிவிட்டால்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறோம். விவாகரத்துக்குப் பிறகு வீட்டின் மேல் இருக்கும் பிடி தளர்ந்துவிடும். தீர்ப்பில் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியமாகிவிடும். ஆகவே சம்மதத்தின் பேரில் விவாகரத்து என்றால், கையெழுத்துக்கு முன்பே வீட்டுப் பேச்சை முடித்துவிடுங்கள். எத்தனை காலம் இருக்கலாம், வாடகைக்கு என்ன தருவார், பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற வாய்ப்பேச்சு நிற்காது.

விவாகரத்து ஆன பெண்ணும் மறுமணம் செய்துகொள்ளாதவரை, தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லை என்றால் ஜீவனாம்சம் கேட்கலாம். முன்பு 125-வது பிரிவு என்று சொன்னோம். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் அது 144-வது பிரிவு. மனுவில் வீட்டு வாடகைச் செலவையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் "தீர்த்துவிட்டாச்சு" என்று எழுதிக் கொடுத்த தாள் நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. அதைக் காட்டி யாராவது வெளியே போகச் சொன்னால் உடனே கிளம்பிவிடாதீர்கள்.

அரசு வீடு கேட்க முடியுமா?

முதலில் நீங்கள் இருக்கும் வீடு எப்படி வந்தது என்று பாருங்கள். தொகுப்பு வீடாக இருந்தால் உத்தரவை எடுத்துப் பாருங்கள். இந்திரா நினைவுக் குடியிருப்பு, பிரதமர் வீடு போன்ற திட்டங்களில் பெண் பெயரிலோ, கணவன் மனைவி கூட்டாகவோ ஒதுக்குவதுதான் விதி. இலவச வீட்டுமனைப் பட்டாவும் பெரும்பாலும் பெண் பெயரில்தான் வரும். "என் வீடு" என்று அவர் சொல்லும் வீடு உங்கள் பெயரிலேயே இருக்கலாம்!

புதிதாகக் கேட்பவர்கள் முதலில் தனிக் குடும்ப அட்டை வாங்குங்கள். அவர் அட்டையிலேயே உங்கள் பெயர் இருந்து, அவருக்குக் கான்கிரீட் வீடும் இருந்தால், உங்களையும் வீடு உள்ளவர் என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. பிரிந்து வாழும் பெண்களுக்கு, விவாகரத்துத் தீர்ப்பு இல்லாவிட்டாலும், விசாரித்துத் தனி அட்டை கொடுக்கத் தமிழக அரசு 2021-ல் வழி செய்தது. கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்கு வரும்போது உண்மையைச் சொல்லுங்கள்.

அடுத்தது மனை. வீட்டுத் திட்டப் பணம் பெரும்பாலும் கட்டுவதற்குத்தான். மனை நம் பெயரில் இருக்க வேண்டும். மனை இல்லாதவர்கள் பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு மத்திய அரசு வகுத்த தொகை 1.20 லட்சம் ரூபாய். இத்திட்டத்தை 2028-29 வரை நீட்டிக்க 2024-ல் ஒப்புதல் கிடைத்தது. அதே 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், குடிசையில் வாழ்வோருக்கு வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று முதல் ஆண்டில் ஒதுக்கினார்கள். நம் ஊராட்சியில் இப்போது எந்தத் திட்டத்துக்குப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஆண் துணை இல்லாமல் பெண் தலைமையில் நடக்கும் குடும்பம் என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

எங்கே போவது? என்ன கொண்டுபோவது?

• மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். மனு எழுதவும் நீதிமன்றத்துக்கு அனுப்பவும் அவர் உதவ வேண்டும்.

• வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமான வரம்பு இல்லை. தொலைபேசி 15100.

• அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்களோ, அந்த ஊருக்கு உரிய நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் "காலி செய்யக் கூடாது" என்ற இடைக்கால உத்தரவை முதலிலேயே கேளுங்கள்.

ஆதார், குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வீட்டுவரி ரசீது, கரண்ட் பில் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லையே என்று தயங்க வேண்டாம்.

நம் அக்கா

அக்கா அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. மனுப் போட்டார். வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை. உறவுக்காரர்கள் சிலர் பேசுவதில்லை. ஆனால் அவர் அந்த வீட்டில்தான் வாழ்கிறார் என்பதற்கு, அதே முகவரியில் பல வருடமாக இருக்கும் குழுச் சேமிப்புப் புத்தகமும் ஒரு சாட்சியாக உதவியது. இப்போது சந்தாவும் ஒழுங்காகக் கட்டுகிறார். அந்தப் பத்தாயிரம் கடனுக்கு வட்டி வேண்டாம் என்று குழு தீர்மானம் போட்டிருக்கிறது. நாம் செய்த தவறுக்கு நம்மால் முடிந்த பரிகாரம் அது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் யார் யாருடைய வீடு யார் பெயரில் இருக்கிறது?

2. கணவரைப் பிரிந்து வாழும் உறுப்பினர்களுக்குத் தனிக் குடும்ப அட்டை இருக்கிறதா?

3. வீட்டுக்காக ஒரு தோழி கடன் கேட்டால், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்கிறோமா?

படிக்கத் தெரியாத தோழிகளுக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தாளை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் முதலில் வருகிறார்கள்.