வரகுக்கோழியின் ஆடல்

கார்முகிலைக் கண்டு மயில் ஆடும் என்பது தமிழ்ப் புலவர்தம் நெடுங்கால வழக்கு. மயிலைப் போன்றே கார்காலத்தில் ஆடும் மற்றொரு பறவையும் உண்டு, அது வரகுக்கோழி. புல்வெளிகளிலும் சிறுதானியப் புலங்களிலும் திரியும் இப்பறவை, பெயரளவிற்றான் கோழி. உறவினால் கானமயிலின் இனத்தைச் சேர்ந்தது. ஈழத்தில் இதற்கு வாழிடம் இல்லை. இந்தியாவில் குசராத்து, இராசத்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களே இது இனம் பெருக்கும் முதன்மையான நிலங்கள்.

தென்மேற்குப் பருவமழையால் புல் தழைத்ததும் சேவல் புதுக்கோலம் பூணும். தலையும் கழுத்தும் வயிறும் கருநிறம் பெறும். நாடா போன்ற மெல்லிறகுகள் தலையின் இருமருங்கும் பின்னோக்கி வளைந்து நிற்கும். ஏறத்தாழ 1½ அடி நீளமேயுடைய இப்பறவை உயர்ந்த புல்லினுள் நின்றவாறு ஆடினால் பேடை காணுமாறு எங்ஙனம்? ஆதலின், அது புல்லுக்கு மேலே 5 அல்லது 6 அடி உயரம் துள்ளியெழுந்து, சிறகடித்து, எழுந்த இடத்துக்கு அணித்தாகவே இறங்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 500 முறை இவ்வாறு துள்ளும். அப்பொழுது சிறகின் ஒடுங்கிய முனையிறகுகள் காற்றைக் கிழித்து ஒருவகைச் சடசடப்பொலியை எழுப்பும். தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பெயர்போன அளவெட்டியில் ஆடலுக்கு ஒருவரும் முழவுக்கு ஒருவரும் வேண்டும். வரகுக்கோழியோ ஆடலையும் முழவையும் தன் உடம்பிலேயே கொண்டது.

பேடையை அழைக்கும் இவ்வாடலே பகைவனுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைக்காரர், துள்ளியெழும் சேவல்களை எளிதிற் கண்டு சுட்டு வீழ்த்தினர். இன்று வேட்டையினும் பெருங்கேடு நிலம் மாறுவதாகும். புல்வெளிகள் உழப்பட்டு வயலாயின. எஞ்சியவை மிகையான மேய்ச்சலால் குட்டையாயின. முட்டையிடுவது நிலத்தில், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது பேடை ஒன்றே. மறைவு தரும் புல் இல்லையாயின் இனப்பெருக்கமும் இல்லை.

இப்பறவைக்கென 1983ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்திலே சைலானா, சர்தார்பூர் ஆகிய இடங்களிற் சரணாலயங்கள் அமைக்கப்பட்டன. எனினும் வீழ்ச்சி நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டில் இது மிகக் கடுமையான அழிவாபத்துக்குள்ளான இனமாக உலகச் செம்பட்டியலில் உயர்த்தி வைக்கப்பட்டது.

காட்டை அழித்தல் தீது என்பதை யாவரும் ஒப்புவர். புல்வெளியை மட்டும் பாழ்நிலம் என்று கருதுதல் பலர்க்கு இயல்பு. யாழ்ப்பாணத்தார் தரவை என வழங்கும் வெட்டவெளியும் இக்கருத்துக்குத் தப்பியதன்று. மரம் இன்மையால் ஒரு நிலம் பயனற்றதாகிவிடாது. அந்தப் புல்லின் உயரமே வரகுக்கோழிக்கு அரங்கும் வீடும் ஆகும். அரங்கு அழிந்தபின் ஆடலை மட்டும் காத்தல் இயலாது.